இது வேற ஜி.எஸ்.டி.: கிழக்கு ஜெர்மனியில் ஏழு நாள்

முதல் நாள், ஞாயிறு, பெர்லின்

ஞாயிற்றுக்கிழமை பெர்லினில் கடைகள் எல்லாம் சாத்திக் கிடக்கும். அன்றைக்கு ஊரில் பாதி மௌவர்பார்க் பழைய சாமான் சந்தையில்தான் இருக்கும். பெர்லின் சுவர் இருந்த நாளில் எல்லைக் காவலர்கள் துப்பாக்கியோடு காவல் காத்த வெற்று நிலம் அது. இன்றைக்கு அதே இடத்தில் பழைய கேமரா, ஜோடி தொலைத்த கம்மல், யார் வீட்டுத் தாத்தா பாட்டியோ எடுத்துக்கொண்ட கல்யாணப் படம் எல்லாம் விலைக்குக் கிடைக்கின்றன.

என்னைக் கூட்டிப்போன நண்பன் ஒரு மேசை முன்னால் நின்று சத்தமாகச் சிரித்தான். "டேய், இங்க வந்து பாரு. ஜிஎஸ்டி!"

வெல்வெட் அட்டையில் வரிசையாகக் குத்தி வைத்த பேட்ஜ்கள். ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் அந்த மூன்று எழுத்துதான். வரிக்குப் பயந்து ஓடிவந்த வியாபாரி மாதிரி நானும் ஒரு நிமிடம் திகைத்துப் போனேன். கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். "கே-எஸ்-டே" என்று உச்சரிப்பைத் திருத்தினார். விளையாட்டு, தொழில்நுட்பச் சங்கம் என்று பொருள். பழைய கிழக்கு ஜெர்மனியில் 14 வயது முதல் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட அமைப்பு. பேர் விளையாட்டு. வேலை, ராணுவத்துக்கு ஆள் தயார் செய்வது.

அவர் சேர்ந்ததற்குக் காரணம் மோட்டார் சைக்கிள். "எங்கப்பாவிடம் வண்டி வாங்கக் காசில்லை. சங்கத்தில் வண்டி இருந்தது. பெட்ரோலும் அவர்களே போட்டார்கள்" என்றார். நண்பன் மொழிபெயர்க்க, பதினாறு வயதுப் பையன் ஒருவனின் கதை வந்தது. வாரத்தில் ஒரு நாள் வண்டி ஓட்டம், பழுது பார்ப்பு. அதற்குக் கூலியாக அணிவகுப்பு, வரைபடம் படிப்பது, குறி பார்த்துச் சுடுவது. லைசென்ஸ் கைக்கு வந்தது. 18 வயதில் ராணுவமும் கூப்பிட்டது. லாரி ஓட்டத் தெரிந்த ஆள் தயாராக இருக்கும்போது விடுவார்களா? ஒன்றரை வருஷம் லாரி ஓட்டினாராம்.

"ஏமாந்துவிட்டோம் என்று தோன்றவில்லையா?" என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். "வண்டி நல்ல வண்டி."

எனக்கு எங்கள் பள்ளி மைதானம் ஞாபகம் வந்தது. தேசபக்தியால்தான் என்.சி.சி.யில் சேர்ந்தேன் என்று சொன்னால் என் வயிறே சிரிக்கும். பரேடு முடிந்ததும் கிடைத்த பூரி கிழங்குதான் காரணம். சாவ்தான், விஷ்ராம் என்று புரியாத இந்திக்கு இரண்டு மணி நேரம் காலை உதைத்துவிட்டு, பூட்ஸ் கழற்றாமல் வரிசையில் நிற்போம். வண்டிக்காகச் சேர்ந்தவரும் பூரிக்காகச் சேர்ந்தவனும் கை குலுக்கிக்கொண்டோம். நான்கு யூரோவுக்கு ஒரு பேட்ஜ் வாங்கித் தோள்பையில் குத்திக்கொண்டேன்.

ஏழு நாள் விடுமுறையில் மலை ஏறலாம் என்றுதான் வந்தேன். ராத்திரியே திட்டத்தை மாற்றிவிட்டேன்.

இரண்டாம் நாள், திங்கள், பெர்லின்

ஷ்ப்ரே ஆற்றங்கரையில், பேராலயத்துக்கு எதிரே கிழக்கு ஜெர்மனி அருங்காட்சியகம். ஒரே கூட்டம். டிராபன்ட் காருக்குள் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள வரிசை நிற்கிறது. சுற்றிவிட்டு வெளியே வந்து ஆற்றோரப் படியில் உட்கார்ந்து, பார்த்ததையும் படித்ததையும் வரிசைப்படுத்திக்கொண்டேன்.

ஜி.எஸ்.டி. தொடங்கியது 1952 ஆகஸ்ட் 7. அப்போது கிழக்கு ஜெர்மனிக்குப் பேருக்குக்கூட ராணுவம் கிடையாது. சீருடை போட்ட ஒரு 'போலீஸ்' படைமுகாம்களில் தங்கியிருந்தது, அவ்வளவுதான். தேசிய மக்கள் ராணுவம் 1956ல் வந்தது. அப்போதும் கட்டாயச் சேர்ப்பு இல்லை. காரணம் எளிது. பெர்லினில் எல்லை திறந்திருந்தது. ஓலை வந்த மறுநாள் பையன் நகர ரயில் ஏறி மேற்கே இறங்கிவிடுவான். அதனால் முதல் பத்து வருஷம் ஆசை காட்டித்தான் கூப்பிட வேண்டியிருந்தது. கிளைடர் விமானம், பாராசூட், பாய்மரக் கப்பல், ரேடியோ, மோட்டார் சைக்கிள், நாய்ப் பயிற்சி, பொம்மை விமானம் கட்டுவது என்று கடை விரித்தார்கள்.

1961 ஆகஸ்ட் 13ல் சுவர் எழுந்தது. ஐந்து மாதம் கழித்து, 1962 ஜனவரி 24ல், கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்துவிட்டது. 18 முதல் 26 வயதுக்குள் பதினெட்டு மாதம். கோழிக் கூண்டைச் சாத்திய பிறகு தானியம் தூவ என்ன அவசியம்? ஆனால் தூவுவதை நிறுத்தவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கிளைடரும் வண்டியும் அப்படியே இருந்தன. அதோடு கட்டாயமும் சேர்ந்துகொண்டது. அறுபதுகளின் முடிவில் தொழிற்பயிற்சி மாணவர்களும் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளும் ஜி.எஸ்.டி. பயிற்சியைத் தாண்டாமல் படிப்பை முடிக்க முடியாத நிலை.

(நம்மிடமும் 1962 சீனப் போருக்குப் பிறகு, 1963ல் கல்லூரிகளில் என்.சி.சி.யைக் கட்டாயமாக்கினார்கள். 1968ல் விருப்பமாக மாற்றிவிட்டார்கள். இல்லாவிட்டால் பூரிக்கு இன்னும் பெரிய வரிசை நின்றிருக்கும்.)

ஜி.எஸ்.டி.க்கு முன்னாலேயே படிக்கட்டு தொடங்கிவிடும். ஆறு வயதில் நீலக் கழுத்துத் துணியோடு பயோனியர் என்ற சிறுவர் அமைப்பு. குளிர்காலத்தில் 'பனித்துகள் ஒத்திகை' என்று பேர் வைத்த பனிக்காட்டு ஓட்டம். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் இறந்த கம்யூனிஸ்ட் ஹான்ஸ் பைம்லர் பெயரில் எட்டாம் வகுப்பிலிருந்து ராணுவ விளையாட்டுப் போட்டி. உடற்பயிற்சி வகுப்பில் நம் பிள்ளைகள் குண்டு எறிவார்கள் அல்லவா, அங்கே எறிந்தது கையெறி குண்டு வடிவப் பொருளை. அப்புறம் ஜி.எஸ்.டி.யின் சிறு துப்பாக்கி. வெளியே பார்க்க அசல் கலாஷ்னிகோவ், உள்ளே .22 தோட்டா. என்.சி.சி.யில் நான் சுட்டதும் .22தான். ஆனால் எங்கள் ரைபிள் ரைபிள் மாதிரிதான் இருக்கும், வேறு எதையும் நடிக்காது.

எஞ்சியிருந்த ஒரு படியை 1978ல் கட்டினார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு ராணுவப் பாடம். கல்வி அமைச்சர் மார்கோட் ஹோனெக்கர், நாட்டின் தலைவர் எரிக் ஹோனெக்கரின் மனைவி. பாடம் தொடங்கிய நாள் செப்டம்பர் 1. அந்த நாட்டு நாட்காட்டியில் செப்டம்பர் 1 உலக அமைதி நாள்! இன்னொன்றும் உண்டு. விண்வெளிக்குப் போன முதல் ஜெர்மானியர், கிழக்கு ஜெர்மனி விமானப்படையைச் சேர்ந்த சிக்முண்ட் யேன், ஆகஸ்ட் 26ல் கிளம்பி செப்டம்பர் 3ல்தான் தரையிறங்கினார். அதாவது முதல் ராணுவப் பாடம் நடந்த அன்று அவர் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தார். அந்த வாரம் பையன்களிடம் 'ராணுவத்தில் என்ன கிடைக்கும்' என்று யாரும் விளக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது.

சாயங்காலம் பாங்கோவ் பக்கம் நடந்தேன். 1988 செப்டம்பரில் இங்கே ஒரு மேல்நிலைப் பள்ளி மாணவர்கள், 'அக்டோபர் 7 தேசிய நாளில் ராணுவ அணிவகுப்பு எதற்கு?' என்று சுவர்ப் பலகையில் எழுதிக் கையெழுத்தும் திரட்டினார்கள். நான்கு பேரைப் பள்ளியை விட்டே நீக்கினார்கள். பள்ளியின் பெயர் கார்ல் ஃபான் ஒசியெட்ஸ்கி. ஹிட்லரின் வதைமுகாமில் அடைபட்டிருந்தவர், அமைதி நோபல் பரிசு பெற்றவர் அவர். இதற்குமேல் கிண்டல் எழுத எனக்கு இடம் வைக்கவில்லை.

மூன்றாம் நாள், செவ்வாய், கிரைஃப்ஸ்வால்ட்

வடக்கே பால்டிக் கடல். ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டரில் வீக் என்ற மீனவக் குடியிருப்பு. ஓலைக்கூரை வீடுகள், கையால் தூக்கி இறக்கும் மரப்பாலம். கரையில் வெள்ளையாக நிற்கிறது இரண்டு பாய்மரம் கொண்ட கிரைஃப் என்ற கப்பல். 1951ல் வார்னமுண்டேயில் கட்டியது. அதிபர் வில்ஹெல்ம் பீக்கின் 75வது பிறந்தநாளுக்குப் பரிசாகக் கொடுத்தார்களாம், அவர் இளைஞர்களுக்குக் கொடுத்துவிட்டார். அப்போது வில்ஹெல்ம் பீக் என்ற பெயரோடு அது ஜி.எஸ்.டி. கைக்குப் போனது. இந்த வீக்கில்தான் சங்கத்தின் கடற்பயிற்சிப் பள்ளி இருந்தது.

கயிறுகளைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், பதினைந்து வயதில் யாராவது என்னிடம் 'இந்தக் கப்பலில் ஏறிக்கொள், பதிலுக்கு நாளைக்குக் கடற்படையில் சேர்' என்று சொல்லியிருந்தால் அம்மாவிடம்கூடக் கேட்டிருக்க மாட்டேன். எங்கள் ஊரில் கடலே இல்லை.

அந்தி வெளிச்சத்தில் எல்டெனா மடத்தின் இடிந்த சுவர்களைப் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பினேன். ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிஷின் சொந்த ஊர் இது. அவர் வரைந்த அதே இடிபாடு.

நான்காம் நாள், புதன், ப்ரோரா

லீட்ஸோவில் வண்டி மாற வேண்டும். தூங்கிவிட்டேன். கண் விழித்தால் ஸாஸ்னிட்ஸ், பாதை முடிந்துவிட்டது. தப்பு முழுக்க என்னுடையது. ஊறவைத்த ஹெரிங் மீனை ரொட்டிக்குள் வைத்துத் தந்தார்கள், அதைத் தின்றுகொண்டே திரும்பும் வண்டிக்குக் காத்திருந்தேன். தூங்கியதிலும் ஒரு நன்மை. பக்கத்தில்தான் முக்ரான் துறைமுகம். அதைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ப்ரோரா. கடற்கரையை ஒட்டி நான்கரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே மாதிரியான கட்டடங்களின் வரிசை. 1936ல் ஹிட்லர் ஆட்சி இருபதாயிரம் பேருக்கான விடுமுறை விடுதியாகக் கட்டத் தொடங்கியது. போர் வந்தது, முடிக்கவில்லை. பிறகு கிழக்கு ஜெர்மனி ராணுவத்தின் படைமுகாம். இன்றைக்குப் பாதிக்கு மேல் வெள்ளையடித்து, கடல் பார்த்த சொகுசு வீடுகளாக விற்றுவிட்டார்கள். ஒரு பகுதியில் இளைஞர் விடுதி. எனக்கு அங்கே கட்டில்.

ஜி.எஸ்.டி. படிக்கட்டில் ஏற மறுத்த பையன்களின் கதையும் இங்கேதான் முடிந்தது. 1964ல் அரசு ஒரு வழி திறந்தது. ஆயுதம் தொட மாட்டேன் என்பவர்கள் 'கட்டுமானச் சிப்பாய்' ஆகலாம். சீருடை உண்டு, பதினெட்டு மாதமும் உண்டு. துப்பாக்கிக்குப் பதில் மண்வெட்டி. தோள்பட்டையிலும் மண்வெட்டிச் சின்னம். அதனால் ஊரில் அவர்கள் பெயர் மண்வெட்டிச் சிப்பாய். விடுதலையாகி வந்தால் பல்கலைக்கழகக் கதவு பெரும்பாலும் சாத்தியிருக்கும். எண்பதுகளில் நூற்றுக்கணக்கானவர்களை இந்த ப்ரோராவில் தங்கவைத்து, முக்ரானில் துறைமுகம் கட்ட அனுப்பினார்கள். போலந்தில் சாலிடாரிட்டி என்ற தொழிலாளர் இயக்கம் அரசை எதிர்த்துக் கிளம்பியதும், அந்த நாட்டைத் தொடாமல் சோவியத் யூனியனுக்கு ரயில் பெட்டிகளைக் கப்பலில் அனுப்ப ஒரு வழி தேவைப்பட்டது. 1986ல் கப்பல் ஓடத் தொடங்கியது. ஆயுதம் தொட மாட்டோம் என்றவர்கள் கட்டிய துறைமுகத்தில் ராணுவச் சரக்கும் ஏறியது. அவர்களில் பலருக்கு அது கடைசிவரை உறுத்தியிருக்கிறது.

ராத்திரிச் சாப்பாட்டு மேசையில் எதிரே ஒரு அம்மா, பேரப்பிள்ளைகளோடு வந்திருந்தார். சாக்ஸனிக்காரர். என் பேட்ஜைப் பார்த்துவிட்டு, "இதை எங்கே பொறுக்கினீர்கள்?" என்றார். 1978ல் ஒன்பதாம் வகுப்பாம். அந்த முதல் செட்! நான் ரொட்டியை வைத்துவிட்டேன்.

பாடம் என்று வகுப்பில் நடந்தது ஆண்டுக்கு நான்கு இரட்டைப் பீரியட்தானாம். முதுகுக்குப் பின்னால் கை கட்டி ஒரு அதிகாரி பேசுவார், பிள்ளைகள் ஜன்னல் வழியே பார்ப்பார்கள். ஆண்டு முடிவில்தான் விஷயம். பையன்களுக்கு பன்னிரண்டு நாள் முகாம். விடியற்காலையில் எழுப்பி ஓட்டம், தடை தாண்டுதல், ராத்திரி நடை, சுடுவது. பேருக்கு விருப்பம், 'வரவில்லை' என்றால் மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அந்த விருப்பம் திரும்பி வந்து நிற்கும். பெண்களுக்கும், முகாமுக்குப் போகாத பையன்களுக்கும் சிவில் பாதுகாப்பு வகுப்பு. காயத்துக்குக் கட்டுப் போடுவது, வாயு முகமூடி மாட்டிக்கொண்டு ஓடுவது, ஸ்ட்ரெச்சர் தூக்குவது.

"குண்டான பையன் ஒருவன் முகாமுக்குப் போகவில்லை. அவனையே எல்லா நாளும் ஸ்ட்ரெச்சரில் போட்டுத் தூக்கவைத்தார்கள். பன்னிரண்டு நாளும் அவன்தான் காயம்பட்டவன்" என்று சொல்லிவிட்டு அடக்க முடியாமல் சிரித்தார். பேத்தி என்னவென்று கேட்டாள். "ஒன்றுமில்லை, பள்ளிக்கூடக் கதை" என்றார்.

முகாமிலிருந்து வந்த பையன்கள் எப்படி இருந்தார்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "முதல் வாரம் சத்தமாகப் பேசினார்கள். அப்புறம் பழையபடி." பிறகு அவரே சேர்த்துக்கொண்டார். கெட்டிக்காரப் பையன்களைத் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டுப் பேசுவார்களாம். பதினெட்டு மாதத்துக்குப் பதில் மூன்று வருஷம் என்று கையெழுத்துப் போட்டால் நினைத்த படிப்பு கிடைக்கும் என்று. "என் அண்ணன் போட்டான். டாக்டர் ஆனான்."

ஐந்தாம் நாள், வியாழன், லைப்ஸிக்

நாள் முழுக்க ரயில். நான்கு முறை மாறினேன், ஒரு முறைகூடத் தூங்கவில்லை.

சாயங்காலம் நிகோலாய் தேவாலயம். பனையோலை விரிந்த மாதிரித் தூண்கள். 1982 செப்டம்பர் 20 முதல் இங்கே திங்கள்தோறும் அமைதிக்கான வழிபாடு. சில வருஷம் பத்துப் பேர்கூட வராத திங்கள்கள் உண்டு. 1989 அக்டோபர் 9 அன்று வெளியே எழுபதாயிரம் பேர். எதிரே நிறுத்திவைத்த போலீஸ் படையில் கட்டாயச் சேவைக்கு வந்த பையன்களும் இருந்தார்கள். கூட்டத்தில் மெழுகுவத்தி பிடித்தவனும் கேடயம் பிடித்தவனும் ஒரே ஒன்பதாம் வகுப்பு முகாமில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கலாம். அன்று யாரும் சுடவில்லை.

அந்த இலையுதிர் காலத்திலேயே ராணுவப் பாடத்தை எடுத்துவிட்டார்கள். மறுவருஷம் ஜி.எஸ்.டி.யும் கலைந்தது. வண்டிகளும் கிளைடர்களும் உள்ளூர்ச் சங்கங்களுக்குப் போயின, பேட்ஜ்கள் சந்தைக்கு.

ஆறாம் நாள், வெள்ளி, டிரெஸ்டன்

ராணுவ வரலாற்று அருங்காட்சியகம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆயுதக்கிடங்கின் நெஞ்சைப் பிளந்துகொண்டு கண்ணாடியும் இரும்புமாக ஒரு ஆப்பு. டேனியல் லிபெஸ்கிண்டின் வடிவமைப்பு, 2011ல் திறந்தது. 1972லிருந்து கிழக்கு ஜெர்மனி ராணுவத்தின் அருங்காட்சியகமும் இதே கட்டடத்தில்தான் இருந்தது. போர் பொம்மைகளுக்கென்றே ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். தகரச் சிப்பாய்கள் வரிசையாக. கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்த ஒரு சின்னப் பையனை அப்பா இழுத்துக்கொண்டு போனார். அவன் மறுபடி ஓடிவந்தான்.

மத்தியானம் ஃபிரவன்கிர்ஷே தேவாலயம். இப்போது பளபளக்கிறது, 1982ல் வெறும் கற்குவியல். அந்த பிப்ரவரி 13ல், நகரம் குண்டுவீச்சில் எரிந்த நாளின் நினைவாக, மெழுகுவத்தியோடு குவியலருகே கூடுவோம் என்று சில இளைஞர்கள் துண்டுக் காகிதத்தில் எழுதிச் சுற்றுக்கு விட்டார்கள். ஏறக்குறைய ஐந்தாயிரம் பேர் வந்தார்கள். கைது செய்துவிடுவார்களோ என்று பயந்த திருச்சபை கூட்டத்தை க்ராய்ஸ்கிர்ஷே தேவாலயத்துக்குள் அழைத்துக்கொண்டது. அவர்களில் பலர் சட்டையில் ஒரு வட்டத் துணி. அதைத் தேடித்தான் நாளைக்குக் கடைசிப் பயணம்.

ஏழாம் நாள், சனி, ஹெர்ன்ஹூட்

லோபாவ் வரை ரயில், அப்புறம் பஸ். செக், போலந்து எல்லை பக்கம். பெரிய வெள்ளைத் தேவாலயம், அமைதியான தெரு, கிறிஸ்துமஸ் நட்சத்திரம் செய்யும் பட்டறை. நமக்கு அந்நிய ஊர் என்று நினைத்துவிட வேண்டாம். 1760ல் இந்த ஊர்க் கிறிஸ்தவச் சபையார் நம் தரங்கம்பாடிக்கு வந்து தோட்டம் அமைத்துக் குடியிருந்தார்கள். காய்ச்சலில் பலர் செத்தார்கள். நாற்பது வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் தாக்குப்பிடித்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள்.

இங்கேதான் அந்தத் துணி அச்சானது. வாள்களைக் கலப்பைக்கொழுவாக அடிக்கும் மனிதன். சுற்றி 'வாள்கள் கலப்பைகளாக' என்று எழுத்து, பைபிளில் வரும் மீகா தீர்க்கதரிசியின் வாசகம். யோசனை சாக்ஸனி திருச்சபையின் இளைஞர் போதகர் ஹரால்ட் பிரெட்ஷ்னைடருடையது. அந்த நாட்டில் காகிதத்தில் எதை அச்சடிக்கவும் அனுமதி வேண்டும். துணியில் அச்சடித்தால் அது 'ஜவுளி வேலை', அனுமதி தேவையில்லை! 1980ல் புத்தக அடையாளத் துணியாக வந்தது. மறுவருஷம் சட்டையில் தைக்கும் வட்டமாக வந்தது. ராணுவப் பாடம் படித்த பிள்ளைகளே அதைத் தைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள்.

அரசுக்கு இக்கட்டு. படத்தில் இருக்கும் சிலை சோவியத் சிற்பி வுசெட்டிச் செய்தது, சோவியத் யூனியனே 1959ல் ஐ.நா.வுக்குப் பரிசாகக் கொடுத்தது. பெரியண்ணன் கொடுத்த பரிசை எந்தச் சட்டத்தில் தடை செய்வது? இருந்தும் 1982ல் தடுத்தார்கள். பள்ளி வாசலிலும் தெருவிலும் நிறுத்திப் பிய்த்தெடுத்தார்கள். பையன்கள் கிழிந்த இடத்தை வட்டமாக வெட்டி ஓட்டையோடு நடந்தார்கள். சிலர் வெள்ளைத் துணி தைத்து, 'இங்கே ஒரு கொல்லன் இருந்தான்' என்று எழுதிக்கொண்டார்கள்.

ஊர்க் கல்லறையைப் பார்த்தேன். எல்லாக் கல்லும் ஒரே அளவு, படுத்தபடி. வெயில் நன்றாக இருந்தது.

பஸ் நிறுத்தத்தில் அறுபதைத் தாண்டிய ஒருவர், பையில் பூண்டுத்தாள் கட்டு. என் தோள்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எந்தப் பிரிவு? மோட்டாரா, கடலா, விமானமா?"

என் அரைகுறை ஜெர்மனில், நான் இந்தியா, இதைச் சந்தையில் வாங்கினேன், எங்கள் ஊரில் நான் சேர்ந்தது வேறொன்றில், பூரிக்காக, என்றேன். பூரி என்றால் என்ன என்று விளக்க அதிக நேரம் பிடித்தது. எண்ணெயில் உப்பும் என்று கையால் காட்டினேன். நன்றாகச் சிரித்தார்.

"நீங்கள் எந்தப் பிரிவு?"

அவர் தன் தோள்பட்டையை இரண்டு விரலால் தட்டிக் காட்டினார். எனக்குப் புரியவில்லை. பிறகு மண் வெட்டுவது போல் கையை அசைத்தார்.

"முக்ரான்" என்றார். "சாப்பாடு சகிக்காது."